பழைய அம்பாசடரின் எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கு எந்தப் பூச்சு? முழுமையான வழிகாட்டி

இந்த வேலையில் புதியவர்கள் செய்யும் முதல் தவறு, பூச்சைக் கடைசியில் தேர்ந்தெடுப்பது. மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும், கிளைகளுள்ள இரும்பு வார்ப்பு) கழற்றி, தேய்த்து, பளபளப்பாக்கிய பிறகு கடைக்குப் போய் "சூடு தாங்கும் பெயின்ட் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு பூச்சும் அடியில் இருக்கும் இரும்பு எப்படித் தயாராக வேண்டும் என்பதைத் தானே நிர்ணயிக்கிறது. ஒன்றுக்குச் சொரசொரப்பு வேண்டும், இன்னொன்றுக்கு அது ஆகாது. சிலவற்றைக் கையால் பூசலாம். சிலவற்றுக்கு உலை வேண்டும். ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இங்கே 1489 சிசி பெட்ரோல் என்ஜின் கொண்ட அம்பாசடரை வைத்தே எழுதுகிறேன். இது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைத்த பி-சீரிஸ் வகை என்ஜின். மேனிஃபோல்டு வார்ப்பிரும்பாக இருக்கும் எந்தப் பழைய காருக்கும் பெரும்பாலான படிகள் அப்படியே பொருந்தும்.

1. வண்டி எப்படி ஓடப்போகிறது?

வாரத்துக்கு ஒருமுறை தெருமுனை வரை போய்வரும் வண்டியா, மாதம் ஒருமுறை நெடுஞ்சாலையில் முன்னூறு கிலோமீட்டர் போகும் வண்டியா? இரண்டுக்கும் எதிரி வேறு.

நெடுந்தூரம் ஓடும் வண்டிக்குச் சூடுதான் எதிரி. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிக்கு ஈரம்தான் எதிரி. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், மூடிய கொட்டகைக்குள் நிற்கும் காரின் மேனிஃபோல்டு ஓடும் காரினுடையதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். பத்து நிமிடம் ஓட்டி அணைத்தால் உள்ளே ஈரம் தங்குகிறது. வெளியே உப்புக்காற்று படிகிறது. அதை உலர்த்தும் அளவுக்குச் சூடு வருவதே இல்லை.

அடுத்த கேள்வி, என்ஜினை முழுமையாகப் பிரித்துக் கட்டப்போகிறீர்களா என்பது. ஆம் என்றால், விலையுயர்ந்த பூச்சை இப்போதே போடாதீர்கள். வால்வுகளை இயக்கும் புதிய கேம்ஷாஃப்டையும் டாப்பெட்டுகளையும் பழக்க, முதல் ஓட்டத்தில் என்ஜினைச் சுமார் 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டுவது வழக்கம். அப்போது இக்னிஷன் டைமிங்கும் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) கார்புரேட்டரும் இன்னும் சரியாக அமைந்திருக்காது. மேனிஃபோல்டு அளவுக்கு மீறிச் சுடும், பதப்படாத புதுப் பூச்சு அதிலேயே பாழாகும். பழைய மேனிஃபோல்டு ஒன்றை இரவல் வாங்கி அந்த ஓட்டத்தை முடித்துவிடுங்கள். பூசிய மேனிஃபோல்டு அதன் பிறகு ஏறட்டும்.

காரைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக எண்ணமிருந்தால் அதையும் இப்போதே சொல்லிக்கொள்ளுங்கள். ஆலையிலிருந்து வந்தபடி இருக்க வேண்டும் என்று பார்க்கும் நடுவர்கள், பளபளக்கும் வெள்ளிநிற மேனிஃபோல்டை ரசிக்க மாட்டார்கள்.

2. எங்கே, எவ்வளவு சுடுகிறது?

சும்மா நின்று ஓடும்போது மேனிஃபோல்டின் மேற்பரப்பு 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மேடேறும்போதும் நெடுஞ்சாலையில் விரட்டும்போதும் 500 டிகிரியைத் தாண்டலாம். மங்கிய சிவப்பாக ஒளிர்ந்தால் 600 டிகிரிக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

எல்லா இடமும் ஒரே அளவு சுடுவதில்லை. பி-சீரிஸ் என்ஜினில் நான்கு சிலிண்டருக்கு மூன்று எக்சாஸ்ட் வாய்கள்தான் உண்டு. முதல் சிலிண்டருக்கு ஒன்று, நான்காவதற்கு ஒன்று. இரண்டாவதும் மூன்றாவதும் நடுவாயைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் நடுக்கிளையில்தான் பெயின்ட் முதலில் வெளுத்து உதிர்கிறது. "பெயின்ட் மட்டம், நடுவில் மட்டும் போய்விட்டது" என்று பலர் குறைப்படுவார்கள். பெயின்ட் மட்டமில்லை, அந்த இடத்தின் சூட்டைக் கணக்கில் எடுக்காமல் வாங்கியதுதான் காரணம். எந்தப் பூச்சையும் நடுக்கிளைக்குத் தாங்குமா என்று பார்த்தே தேர்ந்தெடுங்கள்.

முழு மேனிஃபோல்டுமே வழக்கத்துக்கு மாறாகச் சிவந்தால் பூச்சைப் பற்றிய பேச்சே வேண்டாம். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தால் பெட்ரோல் தாமதமாக எரிந்து, சூடு சிலிண்டரில் வேலை செய்யாமல் மேனிஃபோல்டுக்கு வந்துவிடும். அதைச் சரிசெய்த பிறகே மேலே போங்கள்.

3. பூச்சு வகைகளும் என் கருத்தும்

கிராஃபைட் பாலிஷ்: வார்ப்பிரும்பு அடுப்புகளுக்குத் தேய்க்கும் கருஞ்சாம்பல் நிறப் பசை. துணியால் பூசி, காய்ந்ததும் பிரஷ்ஷால் தேய்த்தால் இரும்பின் இயல்பான நிறம் எடுப்பாகத் தெரியும். உரிவதற்கு இதில் படலமே இல்லை, அதனால் உரியாது. ஆனால் துருவைத் தடுக்கும் ஆற்றல் குறைவு, கையில் ஒட்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி தேய்க்க வேண்டும். பழைய தோற்றம் வேண்டும், பராமரிப்பில் சலிப்பில்லை என்பவர்களுக்கு இதைவிட நேர்மையான பூச்சு இல்லை. இதற்குப் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணல் வீசித் துருவை எடுப்பது) தேவையில்லை, வயர் பிரஷ் போதும். மிகவும் சொரசொரப்பான பரப்பில் பாலிஷ் மினுங்காது.

சிலிக்கோன் பெயின்ட்: சூடு தாங்கும் பெயின்ட் என்று டப்பாவில் விற்பது பெரும்பாலும் இதுதான். சாதாரணப் பெயின்ட்டின் பிசின் சூட்டில் கருகிவிடும். சிலிக்கோன் பிசினில் கருகக்கூடிய பகுதி போன பிறகும் சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்பு மிஞ்சி நிறமியைப் பிடித்துக்கொள்கிறது. அலுமினியத் துகள் கலந்த வெள்ளிநிறமும் கருப்பும் நீடித்து உழைக்கும். மற்ற நிறங்கள் விரைவில் மங்கும். டப்பாவில் 600 டிகிரி தொடர்ச்சியாகத் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். "அவ்வப்போது" தாங்கும் உச்ச அளவைப் பெரிதாகவும் தொடர்ச்சியான அளவைச் சிறிதாகவும் அச்சிடுவார்கள், சிறிய எழுத்தைப் படியுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றிப் பூசத் தயாராக இருப்பவருக்கு, வீட்டிலேயே செய்துகொள்ள ஏற்றது இது.

செராமிக்: பயிற்சி பெற்ற பட்டறையில் ஸ்ப்ரே செய்யும் மெல்லிய பூச்சு. சில வகைகளை உலையில் சுட வேண்டும். சில வகைகள் காற்றிலேயே இறுகும். செராகோட் என்ற நிறுவனப் பூச்சின் சி வரிசை முழுமையாக இறுக ஐந்து நாள் ஆகும். செலவு அதிகம். ஆனால் பி-சீரிஸ் என்ஜினுக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. கார்புரேட்டரும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. சித்திரை வெயிலில் நெரிசலில் நின்றுவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது என்ஜின் திணறுவதற்கு, கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிப்பதும் ஒரு காரணம். வெள்ளிநிற செராமிக் வெளியே வீசும் சூட்டைக் குறைக்கிறது. நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு இதைத்தான் சொல்வேன்.

கண்ணாடி எனாமல்: ஜாகுவார் எக்ஸ்கே என்ஜின்களின் மேனிஃபோல்டில் காணும் பளபளக்கும் கருப்பு இதுதான். கண்ணாடித் தூளைச் சுமார் 800 டிகிரி உலையில் உருக்கி இரும்போடு ஒன்றவைப்பார்கள். அந்தக் காருக்கு அதுவே சரி. அம்பாசடருக்கு இது ஒருபோதும் இருந்ததில்லை, போடவும் வேண்டாம். நட்டை ஓரளவு மீறி இறுக்கினாலே சில்லு தெறிக்கும். பழைய வார்ப்பின் துளைகளிலிருந்து கிளம்பும் வாயு எனாமலில் கொப்புளங்களை உண்டாக்கும். பித்தளை வைத்து ஒட்டிய பழைய பழுது ஏதாவது இருந்தால் அந்த உலைச் சூட்டில் அது இளகும்.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. பவுடர் கோட்டிங் ஏறக்குறைய 200 டிகிரியில் சுடப்படும் பிளாஸ்டிக், மேனிஃபோல்டில் கருகிவிடும். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், எனவே அந்த முலாம் இங்கே கூடாது. குரோம் முலாம் நீலம் பாரித்துப் பார்வையைக் கெடுக்கும். இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் சாதாரணச் சில்வர் பெயின்ட் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் முதல் ஓட்டத்திலேயே பழுப்பாகிப் புகையும். வெப்பத் துணி சுற்றுவதும் வார்ப்பிரும்புக்கு ஆகாது. சூட்டை உள்ளே அடைத்து விரிசலுக்கு வழிசெய்யும், மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

4. கழற்றும் முன் சேர்த்துவைக்க வேண்டியவை

புதிய கேஸ்கெட் (இரு முகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்கும் தகடு), புதிய ஸ்டட்டுகள் (மேனிஃபோல்டைப் பிடிக்கும் தலையில்லாத திருகுகள்), பித்தளை நட்டுகள், துருப்பிடித்த நட்டைத் தளர்த்தும் எண்ணெய், நேர்விளிம்புள்ள எஃகுப் பட்டை, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), அசிட்டோன், புதிய ரப்பர் கையுறை, நல்ல மாஸ்கிங் டேப்.

பித்தளை நட்டு ஏன்? எஃகு நட்டு எஃகு ஸ்டட்டோடு சூட்டிலும் துருவிலும் ஒன்றாகிவிடும். பித்தளை அப்படிப் பிடிக்காது. அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார்.

பிளாஸ்டிங் பட்டறையிலும் பூசும் இடத்திலும் முன்கூட்டியே நாள் பேசிவைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே நாளாக இருக்க வேண்டும். காரணம் ஏழாவது படியில்.

5. கழற்றுதல்

முந்தைய இரண்டு இரவுகளும் நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பேட்டரி இணைப்பை எடுத்து, கார்புரேட்டரையும் பெட்ரோல் குழாயையும் கழற்றி வண்டியைவிட்டுத் தள்ளி வையுங்கள். நட்டு அசையாவிட்டால் சூடாக்க கேஸ் டார்ச் காட்ட நேரும், அப்போது பெட்ரோல் ஆவி அங்கே இருக்கக் கூடாது. ஊறவிட்ட எண்ணெயும் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். துடைத்துவிட்டுச் சூடாக்குங்கள், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

இறுகிய நட்டை ஒரே மூச்சில் திருகாதீர்கள். சற்றே இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி, அசைத்து அசைத்து எடுங்கள். ஸ்டட் முறிந்தால் ஹெட்டில் (என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்) துளையிட்டு எடுக்க வேண்டியிருக்கும். அரை மணி வேலை இரண்டு நாளாகும்.

மேனிஃபோல்டு வந்ததும் ஹெட்டின் வாய்களைச் சுத்தமான துணியால் அடையுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எழுதிவைத்து, மாட்டும் நாளில் அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணுங்கள்.

6. பழுதெல்லாம் பூச்சுக்கு முன்பே

பூச்சு எதையும் மறைக்காது. சூட்டில் விரிசல் விரியும்போது பூச்சும் கூடவே பிளக்கும்.

சாயம் ஊடுருவும் சோதனைத் திரவத்தை அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் பூசினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் கோடாக எழும். நடுக்கிளையின் வேரிலும் முன்குழாய் (மேனிஃபோல்டிலிருந்து கீழே இறங்கும் முதல் புகைக்குழாய்) சேரும் இடத்திலும் கவனமாகப் பாருங்கள். விரிசல் இருந்தால், வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடு கொண்டு வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். முன்சூடு கொடுக்காமல் வெல்டிங் செய்ய முனைபவரிடம் கொடுக்காதீர்கள், பக்கத்திலேயே புதிய விரிசல் விழும்.

அடுத்து வளைவு. எஃகுப் பட்டையை மூன்று ஃபிளாஞ்சுகளின் (ஹெட்டோடு சேரும் தட்டையான விளிம்புகள்) மேலும் வைத்து ஃபீலர் கேஜைச் செருகுங்கள். 0.15 மி.மீ. தகடு எங்காவது நுழைந்தால் நான் முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்த கிரைண்டிங்குக்கு அனுப்பிவிடுவேன்.

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். பி-சீரிஸ் என்ஜினில் இன்லெட் மேனிஃபோல்டும் (பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே அனுப்புவது) எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் சில ஸ்டட்டுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே தடித்த வாஷர் இரண்டின் ஃபிளாஞ்சு மேலும் பாதி பாதியாக உட்கார்ந்து அழுத்துகிறது. எக்சாஸ்ட்டை மட்டும் தேய்த்தால் அதன் ஃபிளாஞ்சு மெலிந்துவிடும். வாஷர் சாய்ந்து இன்லெட்டை மட்டுமே அழுத்தும். எக்சாஸ்ட் பக்கம் கசியும், புதிய பூச்சு அந்தக் கசிவில் கருகும். பிறகு பெயின்ட்டைக் குற்றம் சொல்வார்கள். ஆகவே இரண்டு மேனிஃபோல்டுகளையும் பட்டறைக்குக் கொண்டுபோய், ஃபிளாஞ்சுகளின் தடிமன் சமமாக இருக்கும்படி தேய்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் பிறகுதான் பூச்சு. முன்பே பூசிவிட்டு கிரைண்டிங் கொடுத்தால் கூலண்ட் எண்ணெய் பூச்சின் விளிம்பில் ஏறிக்கொள்ளும்.

7. எண்ணெய் நீக்கம், பிளாஸ்டிங்

வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் பல ஆண்டு எண்ணெய் குடியிருக்கிறது. மேலே துடைத்தால் போகாது. முதலில் நன்றாகக் கழுவி உலர்த்தி, 250 முதல் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். எண்ணெய் வியர்த்து வெளியே வந்து புகையும். புகை நிற்கும்வரை விடுங்கள். இதைத் தவிர்த்தால் அதே எண்ணெய், புதிய பூச்சுக்கு அடியிலிருந்து முதல் ஓட்டத்தில் கிளம்பிக் கொப்புளம் எழுப்பும். சமைக்கும் அடுப்பிலோ ஓவனிலோ செய்யவே கூடாது.

பெயின்ட்டுக்கும் செராமிக்குக்கும் அலுமினியம் ஆக்சைடு மணலால் பிளாஸ்டிங் செய்ய வேண்டும், 80 முதல் 120 கிரிட் போதும். கண்ணாடி மணி வேண்டாம். அது பரப்பைத் தட்டி மழமழப்பாக்கும், பூச்சுக்குப் பிடிமானம் இருக்காது. முடிந்ததும் காற்றழுத்தம் கொண்டு உள்ளும் புறமும் ஊதி, தட்டி, மறுபடி ஊதுங்கள். ஒரு மணல்துகள்கூட உள்ளே தங்கக் கூடாது.

ஆசிட்டில் ஊறவைத்துத் துருவை எடுப்பவர்கள் உண்டு. வார்ப்பின் துளைகளில் தங்கும் ஆசிட் சில வாரங்களில் பூச்சைத் தூக்கிக்கொண்டு துருவாக வெளிவரும். துருவை மாற்றும் திரவங்களும் அடியில் ஒரு படலத்தை விட்டுவைக்கும். சூட்டில் அந்தப் படலம் முதலில் பெயரும்.

பிளாஸ்டிங் முடிந்த வெற்றிரும்பு கடலோரக் காற்றில் சில மணி நேரத்தில் மஞ்சள் பூக்கத் தொடங்கும். அதனால்தான் பூசுவதும் அதே நாள் என்றேன். இந்த நிலையில் வெறுங்கையால் தொடாதீர்கள், விரலின் உப்பு அப்படியே ரேகையாகத் துருப்பிடிக்கும்.

8. பூசுதல்

காய்ந்த காலை நேரம் நல்லது. மழை நாளில் செய்யாதீர்கள். அசிட்டோனால் துடைத்து, முழுவதும் ஆவியாக விடுங்கள்.

கேஸ்கெட் அமரும் முகம், ஸ்டட் துளைகள், முன்குழாய் சேரும் முகம், வாஷர் அமரும் வட்டம் ஆகிய நான்கையும் டேப்பால் மூடுங்கள். முதல் மூன்றைப் பெரும்பாலோர் மூடுகிறார்கள். நான்காவதை மறந்துவிடுகிறார்கள். வாஷருக்கு அடியில் இருக்கும் பெயின்ட் சூட்டில் இளகித் தேயும்போது நட்டின் பிடி தளர்ந்துபோகும்.

சிலிக்கோன் பெயின்ட்டுக்கு அடியில் ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்காதீர்கள். பழக்கத்தால் கை அதற்குத்தான் போகும். அது சூட்டில் கருகித் தூளாகும், மேலே இருக்கும் நல்ல பெயின்ட்டும் சேர்ந்து உதிரும். வார்ப்பின் குழிகளைப் பட்டி வைத்து நிரப்புவதும் அதே கதைதான். குழிகள் வார்ப்பிரும்பின் இயல்பு, இருக்கட்டும்.

மெல்லிய இரண்டு அல்லது மூன்று கோட்டுகள். முதல் கோட்டில் இரும்பு ஆங்காங்கே தெரிந்தால் பரவாயில்லை. ஒரே கோட்டில் கனமாக அடித்தால் மேற்பரப்பு காய்ந்து உள்ளே தின்னர் சிக்கிக்கொள்ளும், சூடேறியதும் கொப்புளம் வெடிக்கும். எட்டாத உள்மடிப்புகளை முதலில் அடித்துவிட்டு வெளிப்பக்கத்துக்கு வாருங்கள்.

9. சூட்டில் பதப்படுத்துதல்

காய்ந்துவிட்டது என்பதும் பதப்பட்டது என்பதும் ஒன்றல்ல. காய்ந்த சிலிக்கோன் பெயின்ட்டை ஒரு சொட்டுப் பெட்ரோல் கரைத்துவிடும். சூட்டில் பதப்பட்ட பிறகே அது கெட்டிப்படும். நாள்தோறும் தெருமுனை வரை மட்டும் போய்வரும் காரில் பெயின்ட் ஆண்டுக்கணக்கில் மென்மையாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

டப்பாவில் உள்ள அட்டவணையை அப்படியே பின்பற்றுங்கள். விஎச்டி ஃபிளேம்புரூஃப் என்ற சிலிக்கோன் பெயின்ட்டில் மூன்று படிகள்: 121 டிகிரி, 204 டிகிரி, 316 டிகிரி. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம், இடையே அரை மணி நேரம் ஆறவிடுதல். படிப்படியாக ஏற்றினால்தான் தின்னர் மெல்ல வெளியேறும், பிசினும் வரிசையாகப் பிணையும். பவுடர் கோட்டிங் பட்டறை உலைகள் பெரும்பாலும் 200 டிகிரியில் ஓடுபவை, எனவே முதல் இரண்டு படிகளை அங்கே முடிக்கலாம். மூன்றாவதை வண்டியில் மாட்டிய பிறகு என்ஜின் சூட்டிலேயே முடியுங்கள்.

உலையே கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் வண்டியிலேயே செய்யலாம். பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு இருபது நிமிடம் ஓட்டி மறுபடி ஆறவிடுங்கள். கடைசியாக அரை மணி நேரம். திறந்த வெளியில் செய்யுங்கள், புகையும் நெடியும் வரும். ரேடியேட்டருக்கு முன்னால் மின்விசிறி வையுங்கள், வெப்பமானியில் கண் இருக்கட்டும்.

10. மாட்டுதல்

கேஸ்கெட்டின் வாய்கள் ஹெட்டோடும் மேனிஃபோல்டோடும் பொருந்துகின்றனவா என்று வைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி, மூன்று சுற்றாக இறுக்குங்கள். இறுக்கும் அளவுக்குச் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். இந்த நட்டுகளுக்கு அதிக விசை வேண்டாம், ஃபிளாஞ்சு முறியும். ஸ்பேனர் நழுவி உரசாமல் இருக்க, கிளைகளில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். முன்குழாயின் கிளாம்பைக் கடைசியில் இறுக்குங்கள். அதை முதலில் இறுக்கினால் குழாயின் எடை மேனிஃபோல்டைக் கோணலாக இழுத்துப் பிடிக்கும்.

முதல் ஓட்டம் முடிந்து முழுதாக ஆறிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி சோதித்து, தளர்ந்தவற்றை இறுக்குங்கள். கேஸ்கெட் அப்போதுதான் அமர்ந்திருக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்குத் தேங்கிய மழைநீரில் வேகமாக இறங்காதீர்கள். சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் தெறிப்பது பூச்சுக்கும் கேடு, வார்ப்புக்கும் கேடு. என்ஜின் அறையைக் கழுவுவதாக இருந்தாலும், மேனிஃபோல்டைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே குழாயைத் திறங்கள்.

நடுக்கிளையில் எப்போதாவது வெளுப்புத் தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அதே டப்பாவிலிருந்து ஒரு மெல்லிய கோட்டு பிரஷ்ஷால் தடவுங்கள். அதற்காக ஒரு சிறு புட்டியில் கொஞ்சம் பெயின்ட்டை இறுக மூடி எடுத்துவையுங்கள். தடவிய பிறகு அன்றே ஓர் அரை மணி நேரமாவது வண்டியை நன்றாகச் சூடேறும்படி ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.